பல்ஸ் மின்சாரத்தில் பிரித்த தண்ணீரைக் குடிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். காணொளி ஒன்றைப் பார்த்து 555 டைமரும் (துடிப்பை உண்டாக்கும் சிப்) மாஸ்ஃபெட்டும் (அதற்கேற்ப மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்) வைத்து, மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் 12 வோல்ட் பல்ஸ் சர்க்யூட் செய்திருக்கிறீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக, 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, ராமநாதபுரம் பக்கத்து போர் தண்ணீரில் இறக்கியிருக்கிறீர்கள். குமிழி நன்றாக வருகிறது. சாதாரண டிசியைவிட, அதாவது சீராக ஓடும் மின்சாரத்தைவிட, பல்ஸில் பல மடங்கு கேஸ் (ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்) வரும் என்கிறார்கள், அந்தத் துடிப்பிலேயே தண்ணீரில் உள்ள கிருமிகளும் செத்துவிடும் என்கிறார்கள், இரண்டும் உண்மையா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, இனி காய்ச்சாமல் கொடுக்கலாமா" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் பதில் சொல்ல வேண்டியது முதலில் அதற்குத்தான். கொடுக்க வேண்டாம். அந்தக் குழாய்கள் இறங்கிய தண்ணீரைக் காய்ச்சியும் கொடுக்க வேண்டாம். காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

நான் காரைக்குடியில் மின்வேதியியல் படித்தவன். அதன்பிறகு பதினெட்டு ஆண்டுகளாக, உப்பு நீரிலிருந்து மின்சாரத்தால் குளோரின் எடுக்கும் கருவிகளை நிறுவுவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. மின்முனையில் என்ன நடக்கிறது, தண்ணீரில் என்ன கலக்கிறது என்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். மருத்துவர் அல்ல என்பதால், எந்த அளவு உடலில் என்ன செய்யும் என்பதற்குள் போகாமல் குடிநீர்த் தர அளவுகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் கேஸ் விஷயம். துடிப்பு மின்சாரத்தில் தண்ணீரைப் பிரிப்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சொல்லப்போனால், தண்ணீரை மின்சாரத்தால் முதலில் பிரித்ததே துடிப்பில்தான். 1789இல் ஆம்ஸ்டர்டாமில் டெய்மன், பாட்ஸ் வான் ட்ரூஸ்ட்விக் என்ற இருவர், உராய்வில் மின்சாரம் உண்டாக்கும் எந்திரத்தையும் அதைச் சேமித்து வைக்கும் லைடன் ஜாடியையும் வைத்து, பொறி பொறியாக மின்சாரத்தைத் தண்ணீருக்குள் விட்டு வாயுவைப் பெற்றார்கள். அப்போது பேட்டரியே கிடையாது. 1800இல் வோல்டாவின் பேட்டரி வந்த சில வாரங்களிலேயே லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் தொடர் மின்னோட்டத்தில் அதைச் செய்தார்கள். அதற்குப் பிறகு 1834இல் ஃபாரடே ஒரு கணக்கைச் சொன்னார். வெளிவரும் வாயுவின் அளவு, ஓடிய மொத்த மின்னூட்டத்தைத்தான் பொறுத்தது. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஹைட்ரஜன் ஏறத்தாழ 0.45 லிட்டர், ஆக்சிஜன் அதில் பாதி. அந்த மின்னூட்டத்தைத் துடிதுடிப்பாக விட்டாலும் சரி, ஒரே சீராக விட்டாலும் சரி, எலக்ட்ரான் எண்ணிக்கை அதேதான். அதைத் தாண்டி ஒரு குமிழிகூட வராது.

அப்படியானால் காணொளிகளில் பத்து மடங்கு என்று காட்டுகிறார்களே, அது எப்படி? பெரும்பாலும் மீட்டரில் இருக்கிறது விஷயம். ஒரு உதாரணம் பாருங்கள். உங்கள் சர்க்யூட் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்திருக்கிறது, திறந்திருக்கும்போது 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் செலவாகும் திறன் 12 பெருக்கல் 10, அதில் பத்தில் ஒன்று, ஆக 12 வாட். ஆனால் சாதாரண மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பார்த்தால் சராசரியைத்தான் காட்டும். வோல்ட் 1.2, ஆம்பியர் 1. இரண்டையும் பெருக்கினால் 1.2 வாட். வந்த கேஸ் ஒரு ஆம்பியருக்கு உரியது, அது நிஜம். செலவு மட்டும் பத்தில் ஒன்றாகத் தெரிகிறது. யாரும் ஏமாற்ற நினைக்காமலே இந்தத் தவறு நடக்கும், நல்ல எலக்ட்ரீஷியன்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து எத்தனை வாட்-மணி போகிறது என்று மொத்தமாக அளந்தால் குழப்பம் தீரும். இன்னொன்று, கேஸ் சூடாக இருந்தால் நீராவியும் கலந்து வரும். 60 டிகிரியில் ஈரமான கேஸில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் நீராவி. குளிரவைத்து அளக்காவிட்டால் அதையும் கேஸ் என்று எண்ணிவிடுவோம்.

தண்ணீரின் "இயல்பு அதிர்வெண்ணில்" தட்டினால் மூலக்கூறு தானாக உடையும் என்ற விளக்கத்தையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு நொடிக்கு ஏறத்தாழ நூறு லட்சம் கோடி முறை அதிர்கிறது. 555 டைமர் கொடுப்பது சில லட்சம்கூடத் தாண்டாது. இரண்டுக்கும் இடையே ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த ஸ்டான்லி மேயர். தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொல்லி முதலீடு வாங்கினார். 1996இல் வழக்கு வந்தபோது நிபுணர்கள் அவருடைய கருவியைச் சோதித்து, அதில் நடப்பது வழக்கமான மின்னாற்பகுப்புதான் (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பது), புதுமை ஒன்றும் இல்லை என்றார்கள். நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பளித்து, இருவரிடம் வாங்கிய 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. 1998இல் அவர் இறந்ததைச் சதி என்று இன்றும் எழுதுகிறார்கள். மூளையில் ரத்தக் குழாய் வீங்கி வெடித்ததால் வந்த மரணம் என்பதுதான் பிரேதப் பரிசோதனை முடிவு.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தபட்சம் 1.23 வோல்ட் வேண்டும், வெளியிலிருந்து வெப்பம் எடுத்துக்கொள்ளாமல் நடக்க 1.48 வோல்ட். ஒரே ஜோடிக் குழாய்க்கு நீங்கள் 12 வோல்ட் கொடுத்தால் எட்டில் ஒரு பங்குதான் கேஸாகும், மீதி ஏழு பங்கும் தண்ணீரைச் சூடாக்கும். பெரிய ஆலைகளிலேயே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் போகிறது. வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்றில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 180 யூனிட். அதை இந்த வழியில் தயாரித்தால், நல்ல கருவியிலேயே 250 யூனிட்டுக்கு மேல் போகும். அந்த மின்சாரத்தை இண்டக்ஷன் அடுப்பில் கொடுத்துச் சமைப்பது எவ்வளவோ மேல்.

பல்ஸால் ஒரு பயனும் இல்லையா என்றால், இருக்கிறது. மின்னோட்டம் நிற்கும் கணங்களில் தகட்டில் ஒட்டிய குமிழி கழன்றுகொள்ளும், தகட்டை ஒட்டிய நீரில் அயனிகள் மறுபடி நிரம்பும். மின்முலாம் பூசுவதில் பல்ஸ் பயன்படுவது இதனால்தான். அவ்வப்போது முனைகளை மாற்றிக் கொடுத்தால் எதிர்முனையில் படியும் சுண்ணாம்பு உதிர்ந்துவிடும். நீச்சல் குளங்களில் வைக்கும் குளோரின் கருவிகளில் இது சாதாரணமாக உண்டு. உங்கள் ஊர்க் கடின நீரில் பத்து நாளில் குழாய் வெள்ளையாகிவிடும், அதற்கு இது உதவும். ஆற்றல் சேமிப்பு எவ்வளவு என்பதில்தான் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கொஞ்சம் கிடைக்கலாம். பத்து மடங்கு கிடைக்காது.

சரி, கிருமிக்கு வருவோம். மின்துடிப்பு கிருமியைக் கொல்லும் என்பது பொய்யில்லை. ஆனால் அது வேறு மின்துடிப்பு. 1967இல் இங்கிலாந்தில் யூனிலீவர் ஆய்வகத்தைச் சேர்ந்த சேல், ஹாமில்டன் இருவரும் இதை ஒழுங்காகச் சோதித்துக் காட்டினார்கள். மைக்ரோ நொடிகளே நீடிக்கும் துடிப்புகள், ஆனால் சென்டிமீட்டருக்கு 25,000 வோல்ட் வரை. பாக்டீரியா செத்தது சூட்டாலும் இல்லை, மின்னாற்பகுப்பில் வந்த வேதிப்பொருளாலும் இல்லை, செல்லின் மேலுறை கிழிந்ததால்தான் என்று நிறுவினார்கள். அந்த உறை ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமன்தான். அதன் இரு பக்கமும் ஒரு வோல்ட் அளவுக்கு வித்தியாசம் வந்தால் அதில் ஓட்டை விழும். செல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு பெரிய மின்புலம் வேண்டும். ஈ.கோலை போன்ற பாக்டீரியாவுக்குச் சென்டிமீட்டருக்கு 13,000 வோல்ட் என்று கணக்கு வருகிறது. ஈஸ்ட் பெரியது, அதனால் எளிதில் சாகும். பாக்டீரியாவின் வித்துகள் தாங்கிக்கொள்ளும். வைரஸுக்கு இதை நம்ப முடியாது.

உங்கள் குழாய்க்கு இதே கணக்கைப் போடுங்கள். 12 வோல்ட், 2 மில்லிமீட்டர் இடைவெளி. சென்டிமீட்டருக்கு 60 வோல்ட். வேண்டியதில் இருநூறில் ஒரு பங்கு. அந்தப் புலத்தில் ஒரு பாக்டீரியாவின் உறைமேல் விழுவது 4 அல்லது 5 மில்லிவோல்ட். அந்த உறையில் இயல்பாகவே 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் எப்போதும் இருக்கிறது. கடலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிய மாதிரிதான், பாக்டீரியாவுக்கு உறைக்கவே உறைக்காது. அதிர்வெண்ணை எப்படி மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. உயர் மின்புல முறை இன்று பழச்சாற்றுக்கும், சிப்ஸுக்கு வெட்டும் முன் உருளைக்கிழங்கை இளக்கவும் தொழிற்சாலைகளில் ஓடுகிறது. குடிநீருக்கு அதிகம் வராததற்குக் காரணம் செலவு. பாக்டீரியாவை லட்சத்தில் ஒன்றாகக் குறைக்க லிட்டருக்கு 100 கிலோஜூல் அளவில் ஆற்றல் போகலாம். அதாவது ஆயிரம் லிட்டருக்கு 28 யூனிட். புற ஊதா விளக்கு அதே ஆயிரம் லிட்டரை ஒரு யூனிட்டில் ஒரு சிறு பங்கைக் கொண்டே முடித்துவிடும்.

அப்படியென்றால், இந்த மாதிரி ஜாடியில் கிருமி குறைந்தது என்று சிலர் லேப் ரிப்போர்ட்டே காட்டுகிறார்களே? அதுவும் உண்மையாக இருக்கலாம். அதை நான் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன். படிக்கும் காலத்தில் கிணற்றுத் தண்ணீரை ஒரு பீக்கரில் எடுத்து, ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் தகட்டை வைத்துக் குறைந்த வோல்ட்டில் துடிப்பு மின்சாரம் விட்டேன். மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தால் கிருமி வளர்த்துப் பார்க்கும் பெட்ரி தட்டு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது, கிருமி பெருகினால் தெரியும் புள்ளி ஒன்றுகூட இல்லை. மின்துடிப்பு கொன்றுவிட்டது என்று ஆசிரியரிடம் ஓடினேன். அவர் தட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சாம்பிள் பாட்டிலில் தயோசல்ஃபேட் போட்டாயா?" என்று மட்டும் கேட்டார். போடவில்லை. சோடியம் தயோசல்ஃபேட் குளோரினை அந்த இடத்திலேயே செயலிழக்கச் செய்யும். மறுபடி செய்தேன். அதே தண்ணீர், அதே மின்சாரம், ஒரு பாட்டிலில் மட்டும் அதில் இரண்டு சொட்டு. அந்தத் தட்டில் மறுநாள் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள். மூன்றாவதாக, குளோரைடு இல்லாத சோடியம் சல்ஃபேட் கரைசலில் பாக்டீரியாவை விட்டுச் செய்தபோது எண்ணிக்கை கிட்டத்தட்ட குறையவே இல்லை. கொன்றது துடிப்பு இல்லை. தண்ணீரில் இருந்த உப்பு நேர்முனையில் குளோரினாக மாறியிருக்கிறது. அதுவும் பாட்டிலில் எடுத்த பிறகும் நின்று வேலை செய்திருக்கிறது.

ஆகவே உங்கள் தண்ணீரில் கிருமி சாகுமா என்ற கேள்வி, அதில் குளோரின் உண்டாகிறதா என்ற கேள்விதான். உப்புச் சுவை உள்ள போர் தண்ணீரில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் குளோரைடு இருக்கும். ஒரு ஆம்பியர்-மணிக்கு அதிகபட்சம் 1.32 கிராம் குளோரின் வரலாம். குடிநீர் அளவு உப்பில் அதில் பத்தில் ஒன்று கிடைத்தாலே, 20 லிட்டர் குடத்துக்கு வேண்டிய 20 மில்லிகிராம், ஒரு ஆம்பியரில் சுமார் ஒன்பது நிமிடத்தில் வந்துவிடும். இது விந்தை இல்லை. கடல்நீரால் குளிர்விக்கும் மின் நிலையங்களில் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்க இதைத்தான் செய்கிறார்கள். கப்பல்கள் சாயாமல் நிற்கத் தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும் நீரைச் சுத்திகரித்துவிட்டுத்தான் வெளியேற்ற வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு, நிறையக் கப்பல்களில் இந்த முறை ஏறியது.

ஆனால் அங்கெல்லாம் நேர்முனை ஸ்டீல் கிடையாது. இதுதான் உங்கள் கருவியில் எனக்குப் பயம் தரும் இடம். ஸ்டீலை நேர்முனையாக வைத்தால், குளோரைடு உள்ள தண்ணீரில் அது கரையும். 304 ரக ஸ்டீலில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். ஒரு ஆம்பியர்-மணிக்கு முழுவதும் கரைந்தால் ஏறத்தாழ ஒரு கிராம் உலோகம் போகும். அவ்வளவு வேண்டாம், இருபதில் ஒரு பங்கு மின்சாரம் மட்டும் கரைக்கிறது என்றே வைப்போம். 50 மில்லிகிராம் ஸ்டீல், அதில் 9 மில்லிகிராம் குரோமியம். அது 20 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 0.45 மில்லிகிராம். நம் நாட்டுக் குடிநீர்த் தரம் அனுமதிப்பது 0.05. ஒன்பது மடங்கு. அந்த மின்முனை நிலைமையில் குரோமியத்தின் ஒரு பகுதி ஆறு இணைதிறன் கொண்ட வடிவில் வரும், நச்சு அதிகமான வடிவம் அதுதான். காய்ச்சினால் கிருமி சாகும், குரோமியம் எங்கும் போகாது. தண்ணீர் லேசாக மஞ்சளாகத் தெரிந்தால் நிச்சயம் கரைகிறது. தெரியாவிட்டால் கரையவில்லை என்று அர்த்தமில்லை.

தண்ணீர் நிறம் மாறுவதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்பதற்கு வீடுகளிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஆர்ஓ விற்க வருபவர் இரண்டு கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் வைத்து, நான்கு கம்பி உள்ள கருவியை இறக்குவார். ஒன்றில் பழுப்பாகத் திப்பி திப்பியாகக் கிளம்பும், இன்னொன்று அப்படியே இருக்கும். "இதைத்தான் இவ்வளவு நாள் குடித்தீர்கள்" என்பார். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததில்லை, கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை, கம்பி கரையவில்லை. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி இறக்கச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். என் அம்மா வீட்டில் இதைச் செய்து காட்டியபோது அவர் டம்ளரையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் ஜாடியிலும் நடப்பது இதே வேதியியல்தான்.

இன்னும் தீராத பகுதியும் இதில் இருக்கிறது. 2010இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பஞ்சில் வெள்ளி நானோ கம்பிகளும் கார்பன் நானோ குழாய்களும் பூசி, 20 வோல்ட் அளவில் மின்சாரம் கொடுத்துத் தண்ணீரை ஓடவிட்டார்கள். ஈ.கோலை 98 சதவீதத்துக்கு மேல் செத்தது. கூர்மையான கம்பி நுனியில் மின்புலம் பல மடங்கு குவிவதால் குறைந்த வோல்ட்டே போதும் என்பது யோசனை. நல்ல யோசனை, ஆனால் வெள்ளியே கிருமிநாசினி என்பதால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது எளிதில்லை. அப்புறம் 98 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், பத்து லட்சம் கிருமியில் இருபதாயிரம் மிச்சம் இருக்கும். இது சோதனைக்கூட நிலையில் உள்ள வேலை. சாதாரணக் குழாயும் 12 வோல்ட்டும் இதற்கு ஈடாகாது.

கேஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்கள் கருவியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே வாயில் கலந்துதான் வருகின்றன. காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் தீப்பிடிக்கும், நைலான் துணி உரசும் பொறியே போதும். ஆக்சிஜனோடு சேர்ந்தே இருந்தால் வெடிக்கும். கேனிலோ பலூனிலோ பிடித்து வைக்காதீர்கள், மூடி போட்ட பாத்திரத்தில் ஓட்டாதீர்கள், குழந்தை இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

குடிநீருக்கு இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகு இறக்குங்கள். குளோரின் மாத்திரையும் நல்லதுதான், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகள் குளோரினுக்குச் சாகாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் போட்ட தண்ணீரைக் குடித்தே நான்கு லட்சம் பேர் வரை நோயுற்றார்கள். அதனால் குழந்தைக்குக் காய்ச்சுவதே மேல். கிருமி இருக்கிறதா என்று பார்க்க எச்2எஸ் குப்பி கிடைக்கும். தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கலப்பு இருந்தால் கறுக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துக் குளோரைடு, மொத்தக் கரைதிடப்பொருள் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனையை விட மனமில்லை என்றால், அதை நான் தடுக்க மாட்டேன், இந்த ஆர்வம் நல்லது. குடிக்காத தண்ணீரில் செய்யுங்கள். ஸ்டீல் குழாயைக் கழற்றிவிட்டு ருத்தேனியம் பூச்சுள்ள டைட்டானியம் வலை வாங்குங்கள், 12 வோல்ட்டுக்குப் பதில் 4 அல்லது 5 வோல்ட்டில் ஓட்டுங்கள். குளோரோஸ்கோப்பில் (நிறத்தை ஒப்பிட்டுக் குளோரினை அளக்கும் சிறு கருவி) குளோரினை அளந்து பாருங்கள், பல்ஸில் ஒரு முறை, சீரான டிசியில் ஒரு முறை, இரண்டிலும் சராசரி ஆம்பியர் ஒன்றாக இருக்கும்படி. எண்களை இங்கேயே போடுங்கள், தண்ணீரின் குளோரைடு அளவையும் சேர்த்து. உங்கள் கருவியில் எத்தனை சதவீத மின்சாரம் குளோரினுக்குப் போகிறது என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.